சூடத்துக்கு ஒரு தடையுத்தரவு

என் மீசைக்கும் என் கல்யாணத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டில் மீசைதான் என் சொல்லுக்குக் கட்டுப்படும். அந்த மீசையை, ஈப்போவில் என் மச்சான் குணாவின் ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பந்தயம் கட்டிவிட்டு விமானம் ஏறியவன் நான். திருச்சியில் இறங்கும்போதே அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. விமானம் ஆடியதால் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

ஈப்போவில் எனக்குப் பூசைச் சாமான் கடை. தீபாவளிக்கு நான் விற்கும் பீங்கான் அகல் விளக்குகள் விருத்தாசலத்திலிருந்து வருகின்றன. தமிழரசி என்ற பெண் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் பட்டறையில் செய்வது. அவள் ஒரு நாள் போன் போட்டு, "அண்ணா, வெளக்கு கொஞ்சம் லேட்டாவும், கோச்சிக்காதீங்க. எங்க ஊரு பெரசண்டு எலெக்‌ஷன்ல நிக்கறேன்" என்றாள். ஊராட்சித் தலைவரைத்தான் அந்தப் பக்கத்தில் பெரசண்டு என்கிறார்கள். கேட்டால் நாட்டுக்கே அதிபர் என்று தோன்றும்.

எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அது எனக்கு அப்பாவிடமிருந்து வந்த ஒரே சொத்து. விளக்கில்லாத கடை, திரும்பிப் போகும் வாடிக்கையாளர்கள், என் மனைவியின் மௌனம் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் ஓடின. நானே போய்ச் சரக்கைக் கையோடு கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். குணா ரொட்டி மாவை வீசிக்கொண்டே, "அந்தப் பொண்ணு ஜெயிக்குமா மச்சான்?" என்று கேட்டான்.

"எப்படி ஜெயிக்கும்? இப்ப இருக்கிற தலைவர்தான் ஊருக்கே பென்ஷன், உதவித்தொகை எல்லாம் வாங்கிக் கொடுத்தவராம். கவர்மெண்டு காசு வாங்குற சனம் வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் குத்தும்."

"குத்தாது."

"குத்தும். அந்தப் பொண்ணு ஜெயிச்சா என் மீசையை எடுத்துடறேன்."

"தோத்துச்சுன்னா நான் தலைக்கு மை பூசறதை நிறுத்திடறேன்."

குணாவின் தலையில் ஒரு முடிகூட உண்மை பேசாது. ஆகவே அவனுக்கும் பெரிய பந்தயம்தான். ஆனால் கடலுக்கு மேலே பறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்கு விளக்கு செய்து கொடுக்கிறவள் தோற்றால்தான் என் முகம் பிழைக்கும். அவள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். இதைவிடக் கேவலமான காபி உலகத்தில் உண்டா!

திருச்சியிலிருந்து வந்த பஸ், பெண்ணாடத்தை நெருங்கியதும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சர்க்கரை ஆலைக்குப் போகிற வரிசை. எங்கள் ஊரில் நெரிசல் என்றால் எல்லோரும் காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்ப்போம். இங்கே கண்டக்டரே இறங்கினார். முன்னால் நின்ற டிரெய்லரிலிருந்து கரும்பை உருவினார். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, "நீளமா பாத்து எடுண்ணா, அது சொத்தை" என்று ஆலோசனை சொன்னார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. கடித்த வேகத்தில் கடைவாய்ப் பல்லில் மாட்டியிருந்த உறை கழன்று தொண்டைக்குள் போய்விட்டது. உயிர் போகிறது என்று முடிவு செய்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டு அம்மா திரும்பி, "என்னா சார், கரும்பு கசக்குதா?" என்றார். விழுங்கியதைச் சொன்னேன். "ரெண்டு வாழப்பழம் துன்னுங்க. காலையில வந்துரும்" என்றார். பல் மருத்துவத்தில் இத்தனை நம்பிக்கையான வாக்கை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். (வந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.)

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை நடக்கும் பகுதிக்குள் நுழைந்தால் தரையிலிருந்து கூரைவரை எல்லாமே மாவு பூத்துக் கிடக்கிறது. மரங்கள்கூட முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கின்றன. தமிழரசியின் பட்டறையில் தோசை மாவுப் பதத்தில் கரைத்த வெள்ளை மண்ணை அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதும் பிரித்தால் உள்ளே விளக்கு உட்கார்ந்திருக்கிறது. முதல் முறை பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன். காய்ந்த விளக்கை ஒருமுறை சுட்டு, மெருகுக் குழம்பில் முக்கி, மறுபடி சூளைக்குள் வைக்கிறார்கள். அந்தக் குழம்பு பார்க்க அழுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. என் நீல விளக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் நின்றதைப் பார்த்து, "தமிழரசி, நான் நீலம்ல கேட்டேன்!" என்று அலறினேன்.

"சூளையில வெந்தாத்தான்ணா நீலம் தெரியும். இப்பவே கலரு கேட்டா எங்க போறது?" என்றாள் குழம்பில் முக்கிக்கொண்டிருந்த அம்மா. அவள்தான் செல்வி. ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகன், மருமகள், பேத்தியோடு தமிழரசியின் ஊரில்தான் இருக்கிறாள். முழங்கைவரை வெள்ளையாக, ஏதோ கிரகத்திலிருந்து இறங்கியவள் மாதிரி இருந்தாள்.

மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். செல்வி தன் தூக்கைத் திறந்து எனக்கு இட்லி வைத்தாள். "ரேஷன் அரிசி இட்லிண்ணா. தொண்டையில நிக்குமோ என்னமோ. மல்லாட்டை சட்னி தொட்டுக்குங்க." நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். இட்லி பூவாக இருந்தது. நான் இலவச அரிசி பற்றி மலேசியாவிலிருந்து சுமந்து வந்திருந்த கருத்துகள் எல்லாம் ஐந்தாவது இட்லியில் கரைந்தன.

ஆனால் பந்தயம் கரையவில்லை. தமிழரசி ஓட்டுக் கேட்கக் கிளம்பிப் போனதும் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏம்மா, எல்லாரும் தமிழரசிக்குத்தானே போடுவீங்க?"

வட்டம் திடீரென்று இட்லியைக் கவனமாகச் சாப்பிடத் தொடங்கியது. கடைசியில் அச்சு பிரிக்கிற ராணி வாயைத் திறந்தாள். இருப்பதில் இளையவள், வெடுக்கென்று பேசுகிறவள். "நான் பெரசண்டுக்குத்தான் போடுவேன். எனக்கு மாசாமாசம் அக்கவுண்டுல பணம் வுழுதுன்னா அவரு எழுதிக் குடுத்துத்தான். குடுத்தவருக்குப் போடாம, குடுக்காதவங்களுக்கா போடுவாங்க? தமிழக்கா எனக்கு வேல குடுக்குது, அதுக்கு நான் ஒழைக்கிறேன். கணக்கு நேரு."

மீசை குளிர்ந்தது. "நீ?" என்று செல்வியைக் கேட்டேன்.

"நான் மாட்டிக்கினு இருக்கறேன்ணா" என்றாள்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை பெரசண்டு ஊரில் அரசாங்கப் பணம் வாங்குகிற பெண்களை எல்லாம் மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, ஒவ்வொருத்தியாக வந்து தனக்குத்தான் ஓட்டு என்று கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார். மாற்றிக் குத்தினால் அடுத்த மாதம் பணம் வராது, அப்புறம் தன்னைக் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். செல்வியும் அணைத்திருக்கிறாள். அவளுக்கு வருவது விதவைப் பென்ஷன்.

"பெரசண்டு மோசமில்ல. தாலுக்கா ஆபீஸுக்கு என்னை அவரு வண்டியிலதான் இட்டுக்கினு போனாரு. எத்தினி வாட்டி! ஆனா தமிழு எங்கூட மண்ணு மிதிச்ச பொண்ணு. எங்க வூட்டுக்காரரு செத்தப்போ மூணு நாளு என் வூட்லயே கெடந்திச்சி. அதுக்குப் போடாம எப்பிடி? போட்டா, சத்தியம். அதுக்கு மேல, பணம் நின்னு போச்சின்னா?" செல்வி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பணம் வந்தப்புறந்தாண்ணா என் மருமவ, 'அத்த, இன்னிக்கி என்னா கொழம்பு வெக்கட்டும்'னு கேக்கறா. அதுக்கு முன்ன வெச்சதத் துன்னுட்டு கெடந்தேன்."

என் வீட்டிலும் குழம்பை என்னைக் கேட்டு வைப்பதில்லை. அந்த ஒரு கேள்வியின் விலை எனக்குத் தெரியும்.

"உங்க ஊர்ல உங்களுக்கு கவர்மெண்டு பணம் குடுக்குதாண்ணா?" என்று ராணி கேட்டாள்.

"கொடுக்குது. வருஷத்துக்குக் கொஞ்சம்."

"யாருக்குப் போட்டீங்க?"

"அது ரகசியம்மா."

"ஆங்!" என்றார்கள் எல்லோரும் ஒன்றாக. எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை செல்வி வேலைக்கு வரவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள் என்று ராணி சொல்லிவிட்டுத் தானும் கிளம்பினாள். விளக்குக்குக் குழம்பு பூச ஆளில்லையே என்ற பதற்றத்தில் நானும் பின்னால் ஓடினேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நான் ஒருவன்தான் காசை நீட்டிக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பதைக் கவனிக்கவும். சீட்டெல்லாம் பெண்கள். "பாவம், காசு குடுத்துட்டு நிக்கறாரு பாரு" என்று ஒரு கிழவி எனக்காக வருத்தப்பட்டாள். எழுந்து இடம் கொடுக்குமளவுக்கு வருத்தமில்லை.

கொளஞ்சியப்பர் கோயில் விருத்தாசலத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே போய்த்தான் தெரிந்தது, அது கோயில் மட்டுமல்ல, கோர்ட். குறை உள்ளவர்கள் வெள்ளைத் தாளில் பிராது எழுதுகிறார்கள். மனு மாதிரியேதான்: இன்ன ஊர் இன்னார் எழுதிக்கொள்வது, என் மாட்டைத் திருடியவனைக் கண்டுபிடித்துத் தரவும், கொடுத்த நகையைத் திருப்பித் தராத நாத்தனாரைக் கேட்கவும். கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து வாங்கி, எதிரே முனியப்பர் சந்நிதியில் நிற்கும் வேலில் நூல்போட்டுக் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்கிறார்கள். தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். வேலில் கட்டிய தாள்கள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. ஒரு ஜில்லாவின் சண்டை முழுக்க அங்கே ஆடிக்கொண்டிருந்தது!

செல்வி ராணியை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுது. பணம் கவர்மெண்டுது. அலைஞ்சது பெரசண்டு. அலைஞ்சதுக்கு நான் கும்புட்டுட்டேன். சத்தியத்தை மட்டும் என்னுதாக்கி மாட்டி வெச்சிட்டாங்க. அதை ரத்து பண்ணிக் குடுக்கணும்."

"அக்கா, சத்தியம் மாரியாத்தா முன்னாடி பண்ணது. இங்க வந்து ரத்து கேட்டா ஆத்தா கோச்சிக்காதா?"

"கடலூர் கோர்ட்டுக்கு மேல மெட்ராஸ் கோர்ட்டு இல்லியா? எழுதுடி."

நான் இடையில் புகுந்தேன். "அம்மா, தீர்ப்பு வர மூணு மாசம் ஆகும்கிறாங்க. ஓட்டுப் பதிவு நாளைக்கு."

செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்க வூட்டு வேலித் தகராறுல பங்காளி கேஸு போட்டான். தீர்ப்பு இன்னும் வரல. ஆனா தடை வாங்கிட்டான், இன்னி வரைக்கும் ஒரு முள்ளு நட வுடலியே! கேஸு நடக்கற வரைக்கும் எதுவும் செல்லாதுண்ணா. நான் பிராது கட்டிட்டா, தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தச் சத்தியத்துக்குத் தடை."

சூடத்துக்குத் தடையுத்தரவு! வேலித் தகராறில் இருபது வருடம் கோர்ட்டு வாசலில் நின்றவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். நான் வாய் பிளந்து நின்றேன். அடுத்த நொடி படபடப்பு வந்தது. சத்தியம் செய்த மற்ற பெண்களும் இந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டால்? மீசை! நானும் ஒரு தாள் வாங்கினேன்.

சீட்டுக் கொடுக்கிறவர், "எந்த ஊரு?" என்றார். பிராதுக்குக் கட்டணம் ஊர் இருக்கிற தூரத்தைப் பொறுத்தாம்.

"ஈப்போ. மலேசியா."

அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். இருவரும் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். நான் கடலின் அகலத்தை நினைத்து வியர்த்தேன். கடைசியில், "கடலு கணக்கு நமக்கு வேணாம் சார். திருச்சி ஏர்போர்ட்டு வரைக்கும் போட்டுக்கலாம். அங்கேருந்து சாமி பாத்துக்கும்" என்றார்.

என்ன எழுதுவது? செல்வி சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத, செல்வியின் இட்லி தடுத்தது. "நியாயம் எதுவோ அதைச் செய்து, கூடவே என் மீசையையும் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். செல்வி எட்டிப் பார்த்தாள். வேறு வழியின்றிப் பந்தயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு தேங்காய்க் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். "அப்ப நீங்க எதிர்க்கட்சியா!" என்றாள் செல்வி. "கட்டுங்க கட்டுங்க, பக்கத்துலயே கட்டுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்புட்டு விசாரிக்கட்டும்."

ஓட்டுப் பதிவன்று நான் தமிழரசியின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். உள்ளூர்த் தேர்தலில் இன்னும் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் ஊரில் ஓட்டுப் போடுவது பல் பிடுங்குகிற மாதிரி. போய், முடித்து, திரும்பிவிடுவோம். இங்கே போட்டுவிட்டு வந்தும் யாரும் வீட்டுக்குப் போவதாயில்லை.

பெரசண்டு என்னிடமே வந்து கும்பிட்டார். வெள்ளைச் சட்டை, களைத்த கண்கள். "மலேசியாவா சார்? நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க, சந்தோசம். பாருங்க சார், இந்த வரிசையில நிக்கற பாதிப் பேருக்கு நான் அலைஞ்சிருக்கேன். என் செருப்பு தேஞ்சதா, தாலுக்கா ஆபீஸு படி தேஞ்சதான்னு போயி பாருங்க. அதுக்கு ஒரு ஓட்டு கேக்கறது தப்பா?" என் மீசை அவருக்காக வேண்டிக்கொண்டது. மீதி முகம் ஒதுங்கிக்கொண்டது.

அப்போது ஒரு போலீஸ்காரர் என் தோளைத் தட்டினார். "யாரு நீங்க? காலையிலேருந்து உக்காந்து வர்றவங்களயே எண்ணிக்கினு இருக்கீங்களே?"

சிறை, நாடு கடத்தல், ஈப்போ பத்திரிகையில் என் படம். "மீசை விஷயமா வந்தேன் சார்" என்று உளறினேன். அவர் என் மீசையை உற்றுப் பார்த்தார். டீக்கடைக்காரர், "தமிழரசி கம்பெனியில வெளக்கு வாங்க வந்தவரு. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, வேற ஒண்ணுமில்ல" என்று ஜாமீன் கொடுத்தார். வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

செல்வி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். விரலில் மை, முகத்தில் ஒன்றுமில்லை. அவளோடு நடந்துகொண்டே, "யாருக்குமா?" என்றேன்.

"ராஜினாமா குடுக்கப் போவும்போது கொளஞ்சியப்பருகிட்ட சொல்லுவேன். நீங்க யாரு, அம்பயரா?"

ஓட்டு எண்ணிக்கைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. என் விளக்குகள் சூளைக்குள் போயின. பற்ற வைத்த சூளை ஆறும்வரை திறக்கக் கூடாதாம். அவசரப்பட்டால் எல்லாம் விரிசல் விடும். நான் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தமிழரசி பட்டறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது ரெண்டையும் எங்கயாவது கட்டிப் போடுங்கடி" என்றாள் செல்வி. ஆனால் அவளும் கையிலிருந்த விளக்கை நாளெல்லாம் நழுவ விட்டுக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தாலும் அவளுக்குச் சிக்கல். தமிழரசி தோற்றால் முகத்தைப் பார்க்க முடியாது. ஜெயித்தால் பென்ஷன் என்னாகும்? ஒரு மாறுதலுக்காக நான் மங்கலம்பேட்டைக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு வந்தேன். பிரமாதம். பதற்றத்தில் இரண்டு தட்டு.

அந்த ஒன்றியத்து ஊர்களுக்கெல்லாம் எண்ணிக்கை நல்லூரில். பட்டறையே ஒரு லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டது. விளக்குப் பெட்டிகள் வைக்கிற இடத்தில் வைக்கோலோடு நானும். வாசலில் திருவிழாக் கூட்டம். கடலை வண்டி, சர்பத் வண்டி, பட்டாசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரு தரப்பு ஆட்களும். மைக்கில் ஒவ்வொரு ஊராக வந்தது. தமிழரசியின் ஊர் பெயர் வந்ததும் நான் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் கையை விடுவித்துக்கொண்டு செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தமிழரசி ஜெயித்துவிட்டாள். பெரிய வித்தியாசமில்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டாள்! என்னையறியாமல் எம்பிக் குதித்தேன். விசிலடித்தேன். ஒரு வேட்டு என் காலுக்கடியில் வெடித்து, அதற்காக இன்னொரு தரம் குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் மீசை ஞாபகம் வந்தது.

கூட்டத்துக்கு ஓரமாகப் பெரசண்டு தனியாக நின்றார். அவரோடு வந்தவர்கள் கரைந்துவிட்டிருந்தார்கள். செல்வி ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள்.

"சத்தியம் பண்ணியேம்மா" என்றார்.

"பண்ணேன்ணா. டீ ஆறுது, சாப்புடுங்க."

அவர் வாங்கிக் குடித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

குணாவுக்கு வீடியோவில் பேசினேன். நல்லூர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாதாடினேன். "பணம் வாங்குனவங்கதான் மாத்திப் போட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த ராணி பெரசண்டுக்குத்தான் போட்டிருக்கா. வாங்காதவங்க போட்டே தமிழரசி ஜெயிச்சிருக்கலாம். அந்தம்மா யாருக்குப் போட்டதுன்னு சாமிக்கே இன்னும் தெரியாது." நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு குணா இறங்கி வந்தான்: விஷயம் பாதிதான் தெரிகிறது என்பதால் பாதி மீசை. சலூன்காரர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். இதயம் இருக்கிற பக்கத்தை விட்டுவிடச் சொன்னேன்.

பாதி மீசையோடு பட்டறைக்குப் போன நாட்களில் யாருக்கும் வேலை ஓடவில்லை. செல்வி மட்டும் சிரிப்பை அரையில் நிறுத்திவிட்டு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பாள். பணம் விழுகிற நாட்கள் வந்துவிட்டன. வரவில்லை. "வராதுண்ணா. அவரு நிறுத்திட்டாரு." "அவர் இப்போ தலைவரே இல்லம்மா." "அதான், கோவத்துல நிறுத்திட்டாரு." வீட்டில் மருமகள் இரண்டு நாளாகக் குழம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றாள். நான், "தலைவலியா இருக்கும்" என்றேன். யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

சூளை திறந்த காலையில்தான் அது நடந்தது. கதவு நகர்ந்ததும் உள்ளே நீலம்! வரிசை வரிசையாக, மழை நின்ற வானம் மாதிரி நீலம். நான் முதல் விளக்கைச் சூட்டோடு எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு கத்தினேன். அதே நேரம் எங்கோ "டிங்" என்றது. யாரோ போனை எடுத்தார்கள். இன்னொரு "டிங்". செல்வியின் இடுப்பிலும் "டிங்". வெள்ளை மண் அப்பிய கையோடு போனைப் பிடுங்கி ராணியிடம் நீட்டினாள். "படி, படி."

"வந்திருச்சிக்கா. எப்பவும் வர்ற மாதிரியேதான்."

செல்வி அப்படியே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். ராணிக்கும் வந்திருந்தது. பெரசண்டுக்குப் போட்டேன் என்று ஊரறியச் சொன்னவளுக்கும், ஒன்றும் சொல்லாதவளுக்கும், ஒரே காலையில், ஒரே "டிங்". ராணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாரு வந்தாலும் வருமா?" என்றாள் மெதுவாக. அவள் நேர்க்கணக்கில் எங்கோ ஒரு எண் நகர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"போயி ராஜினாமா குடுத்துட்டு வாக்கா. கேஸு முடிஞ்சிது" என்றாள் பிறகு.

"முடிஞ்சிதா?" என்ற செல்வி வாசல் பக்கம் பார்த்தாள்.

அங்கே பையன்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதில் ஒரு பிளெக்ஸ் முளைத்திருந்தது. தமிழரசி இரு கைகூப்பிச் சிரிக்கிறாள். 'தாய்மார்களின் வங்கிக் கணக்கில் உதவித்தொகை கிடைக்கச் செய்த தங்கத் தலைவியே!' பதவியேற்பே இன்னும் நடக்கவில்லை. யார் வைத்தது என்று கேட்டால், "பசங்க ஆசையா வெச்சிட்டானுங்க" என்றாள் தமிழரசி. ஆனால் வெட்கத்தோடு மூன்று முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் எனக்கு ஊருக்குக் கிளம்பும் நாள். பெட்டிகளுக்கு வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தோம். செல்வி அதிலிருந்து ஒரு நீல விளக்கை எடுத்தாள். "உங்க கணக்குல ஒண்ணு கொறச்சிக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு சூடத்தை வைத்து ஏற்றி, தமிழரசியின் எதிரே நீட்டினாள். அச்சு, குழம்பு, சூளை எல்லா வேலையும் நின்றது.

"என்னாக்கா இது?"

"அணைச்சி சத்தியம் பண்ணு. இந்தப் பணத்தை நான் குடுத்தேன், நான் வாங்கிக் குடுத்தேன்னு எங்கயும் சொல்ல மாட்டேன்னு பண்ணு. அந்த பேனரையும் கழட்டு."

"வெளயாடாதக்கா."

"வெளயாடல."

தமிழரசி சிரிக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ராணிகூட. தமிழரசி கையை நீட்டினாள். சுடருக்கு மேலே கை நின்றுவிட்டது. "அதச் சொல்லலன்னா அடுத்த தபா என்னா சொல்லிக்கா ஓட்டு கேக்கறது?" என்றாள். கிண்டலாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"தண்ணித் தொட்டியக் கட்டு. தெரு வெளக்கப் போடு. நீ செஞ்சதச் சொல்லிக் கேளு. பென்ஷனுக்கு யாருக்காவது அலையணும்னா, அலையி. அலைஞ்சா டீ வாங்கித் தரேன்."

சூடம் விளக்கின் நீலத்தில் உருகிப் பரவிக்கொண்டிருந்தது. தமிழரசி என்னைப் பார்த்தாள், பாதி மீசை அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டென்று கையை வைத்து அணைத்தாள். "சொல்ல மாட்டேன். போதுமா?"

செல்வி அணைந்த விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, குழம்புத் தொட்டிக்குத் திரும்பினாள். இரண்டடி போனவள் நின்று, விரலை நீட்டினாள்.

"தமிழு! இதுக்கு மேல நீ கொளஞ்சியப்பருகிட்ட போயி, இந்தச் சத்தியத்துக்குத் தடை கிடை வாங்கிட்டு வந்தேன்னு வை, அப்புறம் தெரியும் சேதி!"